பிரிக்காமல் திரும்பிய செட்

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். வாய் அப்படி. பெரிய டாக்டரோ, நர்ஸோ, லிஃப்ட்காரரோ, யாராக இருந்தாலும் நறுக்கென்று ஒரு வார்த்தை விழும். பெயர் வைத்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் டீ வாங்கப் போன இடத்தில் அவள் காதில் விழுந்துவிட்டது. "நேரா கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேனா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எல்லாரும் நேராகவே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

வேலை தரைக்குக் கீழே இருந்த கருவி அறையில். மேலே மூன்று தியேட்டர்களில் ஆபரேஷன் முடிந்ததும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி, வயிற்றை விரித்துப் பிடிக்கிற கொக்கி எல்லாம் தட்டோடு ஒரு குட்டி லிஃப்டில் இறங்கி வரும். எண்ணி வாங்கி, ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, மூட்டுகளில் எண்ணெய் விட்டு, மறுபடி எண்ணி அடுக்கி, இரட்டைத் துணியில் கட்டி, மேலே நாடா ஒட்டி நீராவிப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். வெளியே வரும்போது நாடாவில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அந்த செட் தயார். ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்று மேலேயிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பது வயதில் தரை துடைக்க வந்தவள், அந்த அறையில் இருபத்து நாலு வருஷம் ஓட்டிவிட்டாள்.

அவளுடைய எண்ணிக்கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒருமுறை தட்டில் ஒரு இடுக்கி குறைந்தது. மேலேயிருந்து, சரியாகத்தான் அனுப்பினோம், நீதான் தொலைத்திருப்பாய் என்றார்கள். இவள் அசையவில்லை. நோயாளிக்கு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாருங்கள், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று நோட்டை மூடிவைத்துக்கொண்டாள். படம் எடுத்தார்கள். இடுக்கி நோயாளியின் வயிற்றுக்குள் இருந்தது. அதற்குப் பிறகு பெரிய டாக்டர்களே, கத்திரி என்ன சொல்றா, என்று கேட்க ஆரம்பித்தார்கள். மனுஷன் வாயால் சொல்வதை நம்பாதே, தட்டையும் நோட்டையும் நம்பு என்ற திமிர் அவளுக்கு அன்றைக்கு வந்ததுதான்.

நோட்டில் எல்லாம் இருக்கும். எந்த செட், எந்த தியேட்டர், போன நேரம், வந்த நேரம், பிரித்ததா பிரிக்காததா. வெளியே பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் இந்த அறைக்குத் தெரிந்துவிடும். ஆறு மணி நேர வேலைக்குப் போன பெரிய வயிற்று செட் ஒரு மணி நேரத்தில் சுத்தமாகத் திரும்பி வந்தால், திறந்தார்கள், பார்த்தார்கள், மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குக் கருவி அறைக்காரர்கள் 'பார்த்துட்டு வந்த செட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படி ஒன்று இறங்கினால் அறையில் பேச்சு நின்றுவிடும். கூட வேலை பார்க்கும் ரேடியோகூட வாயை மூடிக்கொள்வாள். ரேடியோவுக்குக் கத்திரியின் வயதுதான். காலையில் வாயைத் திறந்தால் ஷிஃப்ட் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பெயர். அவளிடம் ஒரு ரகசியம் சொன்னால் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், கத்திரி உட்பட.

புருஷன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கு வந்தவர்களிடம் வாங்க என்று சொல்வதற்குக்கூட மனைவி முகத்தைப் பார்ப்பார். இருபத்தோரு வருஷமாக இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிட்டாள். ஒரே மகள், அம்மாவின் வாயும் அப்பாவின் கண்ணீரும் கலந்து பிறந்தவள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கத்திரிக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்றாள். வயசு என்றாள். உடுப்பு சுருங்கிவிட்டது என்று துவைக்கிற சோப்பின்மேல்கூடப் பழி போட்டாள். ஸ்கேன் எடுத்தபோது கருப்பையின் இரண்டு பக்கமும் கட்டி. சினைப்பைப் புற்றுநோய், வயிற்றுக்குள் பரவியிருக்கிறது, திறந்து முடிந்த மட்டும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்றார்கள். அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே, இரண்டாம் நம்பர் தியேட்டரில் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது புருஷன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, ஒண்ணும் பாக்கி இல்லை என்றார். வாழ்நாளில் அவர் தானாக வாயைத் திறந்து சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, விரல் நுனி மரத்தது. ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பியவள் முதல் காரியமாக நோட்டை எடுத்து, தன் ஆபரேஷன் தேதியைத் தேடினாள். தியேட்டர் இரண்டு. பெரிய வயிற்று செட், போனது எட்டு பத்து, வந்தது இரண்டு நாற்பது. கூடவே கல்லீரல் பக்கம் சுரண்டி எடுக்கிற மேல்வயிற்று செட்டும் போயிருந்தது. அதற்கு எதிரே 'பிரித்தது' என்று எழுதி, கீழே ரேடியோவின் கையெழுத்து. ஆறரை மணி நேரம், இரண்டு செட். மேல்வயிறு வரைக்கும் போய்ச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கத்திரி நோட்டை மூடிவைத்துவிட்டு டீ குடித்தாள். புருஷன் சொன்னபோது வராத தெம்பு அப்போதுதான் வந்தது.

வீட்டில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை அவள் ஒருநாளும் புரட்டவில்லை. எதற்குப் புரட்ட வேண்டும்? தங்கை கேட்டால், நோட்டே சொல்லிடுச்சு, அதுக்கு மேல என்ன டாக்டர், என்பாள். அந்த வருஷம் மகளுக்குத் தூரத்து ஊரில், ஒரு நாள் பயணத்தில் படிக்க இடம் கிடைத்தது. போக மாட்டேன், இங்கேயே ஏதாவது படிக்கிறேன் என்று மகள் மூக்கைச் சிந்தினாள். எனக்குத்தான் எல்லாம் எடுத்தாச்சே, என்னைக் காவல் காக்கவா உன்னைப் பெத்தேன் என்று ஒரு போடு போட்டு, பெட்டியைக் கட்டி அனுப்பிவைத்தாள். விடுமுறைக்கு மகள் வந்தபோதும் இவள் ஒருநாள் லீவு போட்டதில்லை. காலம் கிடக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

மருந்து முடிந்து பத்தொன்பதாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் காட்டுகிற எண் ஏறியது. அடுத்த மாதம் இன்னும் ஏறியது. ஸ்கேனில் இரண்டு இடம் தெரிந்தது. ஒன்று இடுப்புக்குள், இன்னொன்று மேலே கல்லீரலை ஒட்டி. முதலில் ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்த பெண் டாக்டர் வளவளவென்று பேசாதவர். கத்திரிக்கு அவரைப் பிடித்திருந்தது. திரும்பி வந்த நோய்க்கு இரண்டாம் முறை வயிற்றைத் திறக்கலாமா என்பதற்கு மூன்று விஷயம் பார்க்க வேண்டும் என்றார் அவர். மருந்து முடிந்து எவ்வளவு காலம் ஆயிற்று, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, முதல் ஆபரேஷனில் எல்லாம் எடுக்கப்பட்டதா. மறுபடி திறந்து துளிகூட மிச்சமில்லாமல் எடுக்க முடிந்தால் கூடுதலாகக் காலம் கிடைக்கும். மிச்சம் வைத்துவிட்டு வந்தால் காயமும் வலியும்தான் மிஞ்சும்.

"முதல் தடவையே எல்லாம் எடுத்தாச்சு டாக்டர். எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் கத்திரி.

பக்கத்து நாற்காலியில் புருஷன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஃபைலைப் புரட்டி, ஆபரேஷன் குறிப்பு இருந்த பக்கத்தைக் காணோமே என்றார். வியாழக்கிழமைக்குள் பழைய ஏடுகளில் தேடச் சொல்கிறேன், நீங்களும் வீட்டில் பாருங்கள், அதற்குள் யோசித்து வையுங்கள் என்று அனுப்பினார்.

யோசிப்பதற்கு அவளை யார் விட்டார்கள்? தங்கை வீட்டுக்கு வந்து, கட்டி இருந்தா எடுக்க வேண்டியதுதானேக்கா, இதுல என்ன யோசனை என்றாள், ஏதோ பல் பிடுங்குகிற விஷயம் மாதிரி. மகள் தினமும் போனில் ஆபரேஷன் பண்ணிக்கோ, பண்ணிக்கோ என்று நச்சரித்தாள். புருஷன் வாயைத் திறக்காமல், சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது ஒருமுறை, எடுக்கும்போது ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை மற்ற இருவரின் பேச்சைவிடப் பெரிய நச்சரிப்பாக இருந்தது.

கத்திரிக்குப் பயமாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. ஒருமுறை திறந்த வயிற்றில் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், பிரிக்கும்போது கிழியும், கிழிந்தால் வயிற்றுக்கு வெளியே மலம் சேர்கிற பை தொங்கும். அந்த மாதிரி ஆபரேஷன்களிலிருந்து இறங்கிய தட்டுகளை அவள் கையாலேயே கழுவியிருக்கிறாள். ஆனாலும் மூன்று விஷயத்தில் மூன்றும் அவள் பக்கம் இருந்தன. காலம் ஆகியிருந்தது, நீர் இல்லை, முதல் முறை எல்லாம் எடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை காலை முடிவு செய்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை படுத்து எழுந்துவிடலாம். மகளின் படிப்பு முடிவதையாவது பார்க்கலாம்.

அன்று மத்தியானம் ரேடியோ மேசையில் கத்தரிக்கோல்களைத் துணியில் வெட்டிக் கூர் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரி கையுறையைக் கழற்றிக்கொண்டே, நான் சரின்னு சொல்லப் போறேன், எனக்கு ரெண்டு செட்டும் நீதான் கட்டணும் என்றாள். ரேடியோவின் கை நின்றது. கத்தரிக்கோலைத் துணியோடு கீழே வைத்தாள்.

"என்னடி?"

"வேண்டாம் கத்திரி. நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

அவள் சொன்னது இவ்வளவுதான். அன்றைக்கு செட் இரண்டும் இறங்கியது இரண்டு நாற்பதுக்கு இல்லை, பதினொன்று ஐந்துக்கு. பெரிய செட்டில் வேலை நடந்திருந்தது. மேல்வயிற்று செட் கட்டினது கட்டினபடி, நாடாகூடப் பிரியாமல் வந்திருந்தது. ரேடியோவே உட்கார்ந்து நாடாவை வெட்டி, துணியைப் பிரித்து, பயன்படாத கருவிகளை ஒவ்வொன்றாகக் கழுவி, நோட்டில் நேரத்தை மாற்றி எழுதி, 'பிரித்தது' என்று போட்டிருக்கிறாள்.

"உன் புத்தி எனக்குத் தெரியாதா? வந்த அன்னைக்கே நீ நோட்டைத்தான் புரட்டுவேன்னு தெரியும். நீ தெம்பா இருக்கணும்னுதான்."

ரேடியோ அழுதாள். கத்திரிக்கு அழுகை வரவில்லை. இருபத்து நாலு வருஷம் ஊராருடைய தட்டையெல்லாம் சரியாகப் படித்தவளுக்கு, அவளுடைய நோட்டை வைத்தே காது குத்தியிருக்கிறார்கள். கோபத்தில் என்னென்னவோ சொல்ல வாய் வந்தது. மேல் துணியைக் கழற்றி மாட்டிவிட்டு, ஷிஃப்ட் முடியுமுன்னே வெளியே நடந்தாள்.

கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஒரு ஆள் நுழைகிற அகலத்தில்தான் லென்ஸ் தேய்க்கிற இடம். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புருஷன் லென்ஸைச் சக்கரத்தில் வைத்து விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் இழுப்பறையைத் திறந்தார். லென்ஸ் உறைகளுக்கு அடியில் நான்காக மடித்த தாள் இருந்தது. ஃபைலில் இல்லாத பக்கம்.

தியேட்டர் பாஷை அவளுக்குத் தெரியும், எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. கருப்பை, சினைப்பைகள், கொழுப்புத் திரை எடுக்கப்பட்டன. கல்லீரலுக்கு மேல், வலது உதரவிதானத்தின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் படிந்திருந்தது எடுக்கப்படவில்லை. கணவரிடம் விளக்கப்பட்டது என்று கடைசி வரி. மருந்து அதை ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சுருக்கியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அதே இடத்தில்தான் தலையைத் தூக்கியிருக்கிறது.

உன்கிட்ட சொல்லத்தான் டாக்டர் சொன்னார், வாய் வரலை என்றார் அவர். வாய் வராதவருக்கு அன்றைக்குப் பொய் சொல்ல மட்டும் எப்படி வந்தது என்று கேட்டாள். கடை முன்பக்கத்தில் யாரோ தன் கண்ணாடி தயாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா நம்ம பொண்ணை அனுப்பியிருக்க மாட்டேங்க. ரெண்டு வருஷம் அவளைப் பக்கத்துல வச்சுப் பார்த்திருப்பேன். லீவு போட்டிருப்பேன். அதெல்லாம் யார் தருவா இப்ப?"

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "ஆபரேஷன் பண்ணிக்கோ. இந்தத் தடவை முழுசா எடுத்துட்டாங்கன்னா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்யில்லன்னு ஆயிடும்ல."

இத்தனை நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலாக அவர் பார்த்த பார்வைக்கு அர்த்தம் இதுதானா? இவருடைய ஒரு வாக்கியத்தை உண்மையாக்குவதற்கு இவள் வயிற்றைத் திறக்க வேண்டும். இருபத்தோரு வருஷத்தில் அந்த மனுஷனை அவள் திட்டாத நாள் கிடையாது. வெறுத்தது அன்றைக்குத்தான். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வியாழக்கிழமை டாக்டர் மேசையில் அவளே அந்தத் தாளை வைத்தாள். டாக்டர் படித்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். மூன்றில் ஒன்று இப்போது உங்கள் பக்கம் இல்லை. அதற்காகக் கதவு மூடிவிட்டதென்று இல்லை, வேண்டுமென்றால் திறந்து பார்க்கிறேன். முழுவதும் எடுக்க முடிகிற வாய்ப்பு பாதிக்கும் கீழே. மருந்து மட்டும் ஏற்றிக்கொண்டு போவதும் தப்பான முடிவில்லை.

"உள்ள பார்த்துட்டு, முடியாதுன்னு தெரிஞ்சா?"

"மூடிட்டு வெளிய வந்துடுவேன்."

"அதுக்கப்புறம் மருந்து ஆரம்பிக்க?"

"காயம் ஆறணும். நாலஞ்சு வாரம். சிக்கலானா இன்னும் கூட."

கத்திரிக்கு அந்த ஆபரேஷன் வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலைவரை அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், படுத்தாள். யாராவது அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த ஆசையே வந்திருக்காது. வரவைத்துப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மருந்தே ஏத்துங்க டாக்டர். திறக்க வேண்டாம்."

"கோவத்துல சொல்றா டாக்டர்" என்று புருஷன் எழுந்தார். மூன்றாவது மனிதர் முன்னால் அவர் குறுக்கே பேசியதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"கோவத்துலதான் சொல்றேன். ஆனா எண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்" என்றாள் கத்திரி. இனிமேல் எதுவானாலும் எனக்கு முதலில் சொல்லுங்கள், இவருக்குப் பிறகு என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். டாக்டர் அதை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் வந்து நின்றதும் போன் அடித்தது. மகள். என்ன சொன்னாங்க, ஆபரேஷன் என்னைக்கு என்று மூச்சுவிடாமல் கேட்டாள். எதிரே புருஷன் இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம், சொல்லாதே என்று கெஞ்சினார். மகளுக்குப் பரீட்சை. கத்திரிக்கு நாக்கு நுனியில் தயாராக ஒரு பொய் வந்து நின்றது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியமாகவும் அருவருப்பாகவும் இருந்தது. அதை விழுங்கினாள்.

"நீ எங்கயாவது உக்காரு. சொல்றேன்" என்றாள். ஆபரேஷன் இல்லை என்று சொன்னாள். முதல் தடவை மேல்வயிற்றில் மிச்சம் வைத்துத்தான் மூடினார்கள், அது தனக்கே இரண்டு நாளாகத்தான் தெரியும் என்றும் சொன்னாள். குரல் நடுங்காமல் சொல்லி முடித்ததில் ஒரு நிம்மதி இருந்தது. வீட்டில் ஒருத்தியாவது உண்மையை உண்மையாகக் கேட்கட்டும்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"எனக்குத் தெரியும்மா. ஆபரேஷன் அன்னைக்கே அப்பா சொல்லிட்டாரு."

கத்திரி போனைக் காதிலிருந்து எடுத்தாள். அதற்குள்ளிருந்து அம்மா, அம்மா என்று சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதை அப்படியே புருஷன் கையில் திணித்துவிட்டு, வராந்தாவின் கோடியில் மருந்து ஏற்றுகிற வார்டுக்கு நடந்தாள். கவுண்டரில் இருந்த பெண் ஃபாரத்தை எடுத்து, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிட வேண்டும் என்றாள். பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டாள்.

"கூட இருக்கிறவங்க பேர் சொல்லுங்கம்மா. ஏதாவதுன்னா நாங்க யார்கிட்ட சொல்றது?"

"என்கிட்ட சொல்லுங்க" என்றாள் கத்திரி. "கூட யாரும் இல்லைன்னு எழுதிக்கோங்க."